மூடாத அலமாரி

என் கணவர் யசுஹாரு காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவர். சனிக்கிழமைகளில் குராமி கணவாயில், காரின் பின்சக்கரங்களை வழுக்கவிட்டபடி வளைவுகளை இறங்குகிறவர். இரண்டுமே இடுப்பைத் தின்னும் வேலை. போன மாதம் வலது கால் மரத்துப்போய், பிரேக்கை மிதிக்கத் தாமதமாகி, கார் சாலையோரத் தடுப்பில் உரசிவிட்டது. இனி அவர் மேலே போகக்கூடாது என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை.

நான் பேசுகிறவள் இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டு, சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பு கணவாயின் அடி வளைவில் டார்ச்சோடு நிற்பேன். ஊர்க்காரர் வண்டி ஏறி வந்தால் மேலிருந்து வழுக்கி இறங்குகிறவர்களுக்கு விளக்கடிக்க வேண்டும். அவ்வளவுதான். பேச வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காருக்குச் சட்டப்படி பரிசோதனை உண்டு. மலைக்காகப் பூட்டிய இரைச்சல் சைலன்சர், தாழ்வான ஸ்பிரிங், சாய்க்க முடியாத சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காரோடு வந்த பழைய பாகங்களை மாட்டிக்கொண்டு போவார். மற்ற நாட்களில் அந்தப் பழைய பாகங்கள் போர்வை சுற்றி, பகலில் மெத்தைகளை மடித்து வைக்கும் எங்கள் அலமாரியில் கிடக்கும். இடமில்லாமல் மெத்தைகள் சுவரோரம் கிடக்கும். பரிசோதனை முடிந்த மாலையே எல்லாவற்றையும் திரும்ப மாற்றிவிடுவார். சாப்பிடக்கூட வரமாட்டார்.

இந்த முறை பழையதை மாட்டி முடிக்கவே பல ஞாயிறுகள் ஆயின. காருக்கடியில் படுத்தவர் எழுந்திருக்க என் கையைப் பிடித்தார். கார் தேறியது. வீட்டுக்கு வந்து குளித்தார், மிசோ சூப்பைக் குடித்தார், தூங்கிப்போனார்.

சனிக்கிழமை மாலை முகாய் வந்தான். இவரோடு மலையில் ஓட்டுகிறவன். பழைய ஸ்பிரிங்கில் உயர்ந்து நிற்கும் காரைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா இது, பொண்ணு பார்க்கப் போற மாமனார் மாதிரி நிக்குது? இன்னும் மாத்தலையா?"

"மாத்தல."

"இன்னைக்கு எல்லாரும் மேல வர்றாங்கடா. ஜாக்கியப் போடு, நானும் கை கொடுக்கறேன்."

"இந்த சீட்டுல சாஞ்சுக்க முடியுது. சந்தைக்குப் போறப்ப இடுப்பு வலிக்கல."

"கெழவன் ஆயிட்ட."

"நீ மட்டும் என்னவாம்? பையில வலி மாத்திரை இருக்குல்ல?"

முகாய் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணி."

நான் தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

அவன் கிளம்பிப் போனான். அவன் காரின் சத்தம் மலையில் வளைவு வளைவாக ஏறி மங்கும்வரை யசுஹாரு வாசலிலேயே நின்றார்.

"அந்தப் போர்வைங்க எங்க?"

"துவைச்சு வச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வா."

மலைப் பாகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுற்றினார்.

"வித்துடலாமேங்க?" என்றேன்.

"இருக்கட்டும்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலமாரியில் வைத்தோம். மலைக்கான இந்த சீட் பழையதைவிட உயரம். கதவு மூடவில்லை. தள்ளிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். சுவரோரம் இருந்த மெத்தைகளை விரித்துப் படுத்தோம்.