கமேயு குளியல்கூடத்தில் பிறந்த ரெக்கார்டு கம்பெனி

ஒசாகா துறைமுகத்துப் பக்கம் வந்து, "எந்தோத்சு ரெக்கார்ட்ஸ் யாசு எங்கே இருக்கிறார்?" என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அப்புறம் கமேயு குளியல்கூடத்தின் புகைபோக்கியை நோக்கிக் கை நீளும். எந்தோத்சு என்றால் அதுதான், புகைபோக்கி. ஜப்பானில் ராக் பாட்டு ரெக்கார்டு போட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கோட்டு சூட்டு மாட்டினவன் போட்டான், டோக்கியோவில் கண்ணாடி அறை கட்டி வைத்திருந்தவன் போட்டான். கொதிகலனுக்கு விறகு தள்ளுகிற கையாலேயே டிரம் அடித்து, அதே கையால் ஒரு கம்பெனியையும் தூக்கி நிறுத்தினவனைக் காட்டுங்கள் பார்ப்போம். நம் யாசு, முழுப்பெயர் யாசுகிச்சி, ஒருத்தன்தான். இன்னொருத்தன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், யாசுவே எழுந்து நின்று கும்பிடுவான்.

இஷிகாவா மலையூர்க்காரன். நடுநிலைப் பள்ளியோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒசாகாவில் மாமா நடத்திய, பேட்டையே காசு கொடுத்துக் குளித்துப் போகிற கமேயுவுக்கு வந்தான். இடித்த வீடுகளின் உத்தரங்களையும் பழைய கதவுகளையும் வண்டியில் ஏற்றி வருவது, ஒடிப்பது, கொதிகலனுக்குள் தள்ளுவது, இதுதான் வேலை. மாமா செத்த பிறகு தோமெ அத்தை வாசல் மேடையில் உட்கார்ந்து காசு வாங்கி, இந்தப் பக்கம் ஆண்களையும் அந்தப் பக்கம் பெண்களையும் பார்த்துக்கொண்டாள். பின்கட்டில் நெருப்பு முழுக்க யாசு ராஜ்ஜியம். ஆற்றங்கரையில் ஒரு நடன விடுதி மூடியபோது அதன் டிரம் செட்டை விறகு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். "எரிக்கவாடா?" என்று அத்தை கேட்டாள். "அடிக்க" என்றான். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. விறகு ஒடிக்கிற தாளத்தையே டிரம்மில் அடித்தான், அவ்வளவுதான். அதுபோல அடிக்கிற ஆள் அந்த ஊரில் வேறு இல்லை.

அவனோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். மின்சாமான் கடையில் வேலை பார்த்த சுமியே பாடுவாள், பாஸ் கிட்டாரும் வாசிப்பாள். கிட்டாருக்கு செரிசாவா. பல் டாக்டர் பிள்ளை, பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன், எதிலும் ஒழுங்கு பார்க்கிறவன். குழுவுக்குப் பெயர் கராசு, அதாவது காக்கா. அவர்கள் வாசித்தால் துறைமுகத்துக் கூலிக்காரர்கள் மேஜை மேல் ஏறி ஆடுவார்கள்.

ஒருநாள் டோக்கியோவிலிருந்து பெரிய ரெக்கார்டு கம்பெனி ஆள் ஒருவர் வந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டார். பாட்டு பிடித்துப் போயிற்று.

"நல்லா இருக்கு. இந்த ஒசாகாப் பேச்சை மட்டும் டோக்கியோப் பேச்சா மாத்திடுங்க. டிரம்முக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு. இவரு அடிக்கிறது விறகு ஒடைக்கிற மாதிரி இருக்கே."

"வெறகு ஒடைக்கிறவன் வேற எப்படிய்யா அடிப்பான்?" என்றான் யாசு.

ஆள் போன பிறகு செரிசாவாதான் ஆரம்பித்தான். "கோவிச்சுக்காத யாசு. இந்த மாதிரி வாய்ப்பு இன்னொரு தடவ வராது."

"எதுக்குடா அவன்? நாமளே போடுவோம் ரெக்கார்டு. நாமளே கம்பெனி."

"எங்க வச்சுப் போடுவ? கொதிகலனுக்குள்ளயா?"

"குளியல்கூடத்துல. கழுத மாதிரி கத்துறவன்கூட அங்க பாடினா பாடகன் மாதிரிக் கேக்குது. ஓடு பதிச்ச சுவரு, உசந்த கூரை. அந்த எதிரொலிய உங்க டோக்கியோக்காரன் எந்தக் கண்ணாடி ரூம்ல வச்சிருக்கான்?"

செரிசாவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேச்சைக் கறாராக முடித்தான். விடுமுறை நாளில் ஒரே ஒரு பதிவு. ஒழுங்காக வந்தால் இங்கேயே இருப்பான். வராவிட்டால் அன்று சாயங்கால ரயிலில் டோக்கியோ. யாசு சுமியேவைப் பார்த்தான். அவள் பூசி மெழுகுகிறவள் இல்லை.

"பாட்டு வெளிய வரணும் யாசு. உன்னோட வந்தா எனக்கு சந்தோஷம். வரலேன்னா நானும் கெளம்பிடுவேன்."

ஆக, அந்த ஒரு நாள் கெட்டால் கம்பெனியும் இல்லை, குழுவும் இல்லை. யாசுவுக்கு மிச்சம் விறகுதான்.

குளியல்கூட விடுமுறை அன்று சுமியே கடையிலிருந்து ஒலிப்பதிவுப் பெட்டியை இரவல் வாங்கி வந்தாள். ஆண்கள் பக்கம், மலைப்படம் தீட்டிய சுவரைப் பார்த்து யாசுவின் டிரம். உடை மாற்றும் கூடத்தில் கிட்டாரோடு செரிசாவா, பக்கத்திலேயே பதிவுப் பெட்டி. பெண்கள் பக்கம் சுமியே. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது என்பதால், அதன் மேலே மூங்கில் கட்டி ஒரு மைக்கைத் தொங்கவிட்டார்கள். இரண்டு பக்கச் சத்தமும் அதில் வந்து விழும். யோசனை யாருடையது? யாசுவுடையதுதான்!

வாசலில் எல்லாரும் செருப்பை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவிக்கட்டையை உருவிக்கொள்வது வழக்கம். செரிசாவா தன் ஷூவைப் பெட்டியில் வைக்கவில்லை. தரையிலேயே, முனை தெருவைப் பார்த்து இருக்கும்படி விட்டிருந்தான். பக்கத்தில் பயணப் பை. அதைப் பார்த்ததும் யாசு உள்ளே போய் டிரம் தோலை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

நல்ல குளிர்காலம். நெருப்பு போடாத கூடத்தில் ஓடுகள் ஐஸ் மாதிரி. செரிசாவாவின் விரல் விறைத்துத் தந்தி மாறியது. சுமியேவின் குரல் நடுங்கிற்று. எடுத்தது ஒவ்வொன்றும் பாழ். வாங்கி வைத்த நாடாக்கள் தீர்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

"போதும். பெட்டிய மூடு" என்றான் செரிசாவா.

"இருடா! குளிருதான பிரச்சன? குளிரு என் டிப்பார்ட்மெண்ட்டு!"

பின்கட்டுக்கு ஓடினான். இரண்டு கதவு, ஒரு உத்தரம், கொஞ்சம் மரத்தூள். தீ குபுகுபுவென்று பிடித்தது. மற்றவர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டு வருவதற்குள் கூடத்தில் நீராவி ஏறிவிட்டது. சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு உள்டிராயரோடு யாசு வாசலையும் கூடத்தையும் சுற்றி வந்தான். கை காலெல்லாம் துடிப்பு. தண்ணீர் சூட்டைப் பார்த்தான், தொட்டியைத் துடைத்தான், வாளிகளை அடுக்கினான், நேராக டிரம்முக்குப் போய் உட்கார்ந்தான்.

நடுவில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது, அது அவனுக்கே தெரியாது. தண்ணீர் சுட்டதும் வாசலில் நீலத் திரையைத் தொங்கவிடுவது அவன் தினப்படி வேலை. திரை தொங்கினால் கடை திறந்தாயிற்று என்று அர்த்தம். கை தன் பாட்டுக்குத் திரை கோத்த கம்பை எடுத்தது, வாசலில் மாட்டியது, திரும்பி வந்தது.

புகைபோக்கியில் புகை, வாசலில் திரை. பேட்டைக்கு வேறென்ன வேண்டும்?

"இன்னிக்கு லீவு இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். "திரை தொங்குதே, கண்ணு தெரியல?" என்றான் இன்னொருவன். துண்டும் சோப்புக் கிண்ணமுமாக வரிசை கட்டிவிட்டார்கள். எதிர் வீட்டிலிருந்து தோமெ அத்தை வந்து பார்த்தாள். கூட்டம் நின்றால் மேடையில் ஏறி உட்காராமல் அவளுக்கு இருக்க வராது. ஏறி உட்கார்ந்தாள்.

உள்ளே நாடா ஓட ஆரம்பித்திருந்தது. யாசு கண்ணை மூடிக்கொண்டு முதல் அடி அடித்தான். அம்மாடி, அது அடியா! ஈர ஓட்டில் பட்டு, மலைப்படத்தில் மோதி, கூரைக்குப் போய், ஆவியில் தோய்ந்து திரும்பி வந்தது. காலையில் தகரம் மாதிரிக் கேட்ட டிரம் இப்போது கப்பல்கட்டும் தளத்துச் சம்மட்டி மாதிரி முழங்கியது. செரிசாவாவின் விரல்கள் இளகிப் பறந்தன. சுமியேவின் குரல் சுவரைத் தாண்டிக் குதித்தது.

அந்த நேரத்தில்தான் செரிசாவா பார்த்தான். அவன் கண்ணெதிரே ஒரு கிழவர் நிதானமாக வேட்டி அவிழ்ப்பது போல இடுப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். மேடையில் அத்தை உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கிக்கொண்டிருந்தாள். செரிசாவா முகம் கன்றிச் சிவந்தது. நிறுத்தினால் கடைசி நாடா போச்சு. போதாக்குறைக்கு வாசிப்பு ராட்சசத்தனமாக வந்துகொண்டிருந்தது. கையை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் சுமியேவைச் சுற்றி இரண்டு பெண்கள் தலைக்குச் சோப்பு போட்டபடியே தாளத்துக்கு ஆடினார்கள். அவளும் நிறுத்தவில்லை. யாசுவுக்கு எதுவுமே தெரியாது. கண் மூடியிருந்தது, முதுகு வாசலைப் பார்த்திருந்தது. அவன் பின்னால் தொட்டி நிறைய ஆள்.

பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. மூன்று பேரும் சட்டென்று நிறுத்த வேண்டும், ஒரு மூச்சு முழு அமைதி, அப்புறம் டிரம் இடி மாதிரி இறங்க வேண்டும். செரிசாவா கட்டிய இடம் அது. அதில் ஒரு ஊசி விழக்கூடாது என்று மாதக்கணக்கில் யாசுவை வறுத்தெடுத்திருந்தான்.

நிறுத்தினார்கள். அமைதி.

"ஏ ஃபுசா! நான் எந்திரிக்கப் போறேன்!"

கப்பல் தளத்து வெல்டர் உமெஹாரா. வெந்து சிவந்த உடம்போடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார். குளித்து முடித்தால் அப்படிக் குரல் கொடுத்துத்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே வருவார்கள். அந்த மனுஷன் தினமும் செய்வதைத்தான் செய்தார்.

"இருய்யா! தலையில சோப்பு இருக்கு!"

யாசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே நேரத்துக்குக் கை இறங்கியது. இடி என்றால் அதுதான் இடி! அந்த அதிர்ச்சியை யாராவது உட்கார்ந்து பயிற்சி பண்ண முடியுமா? பாட்டு அப்படியே பாய்ந்து போய் முடிந்தது. தொட்டிக்குள் இருந்தவர்கள் கையிலிருந்த வாளியைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

யாசு மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"யாருய்யா உங்கள உள்ள விட்டது?"

"நீதான். திரைய மாட்டிட்டுக் கேள்வி வேற கேக்குற" என்றார் உமெஹாரா.

கதவு படாரென்று திறந்தது. செரிசாவா. "திரைய மாட்டினியா? லீவு நாள்ல? கடைசி நாடாடா இது! அறிவு இருக்கா உனக்கு?"

செரிசாவா பயணப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். தலை ஈரத்தோடு சுமியே வந்து குறுக்கே நின்றாள்.

"போறதுன்னா போ. போட்டுக் கேட்டுட்டுப் போ. ரயிலு ஓடிப்போயிடாது."

நாடாவைச் சுற்றினாள், போட்டாள். உடை மாற்றும் கூடத்தில் எல்லாரும் துண்டு கட்டிக்கொண்டு குளித்ததும் குடிக்கிற குளிர்ந்த காப்பிப் பால் பாட்டிலும் கையுமாக நின்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து தடுப்பு ஓரமாகத் தலைகள் நீண்டன. பாட்டு வந்தது. யாரும் பாலைக் குடிக்கவில்லை. யாசு பெட்டியைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அமைதி வந்தது. "ஏ ஃபுசா!" "இருய்யா!" அப்புறம் இடி. கூடமே ஓவென்று கத்தியது.

"யாருது அந்தக் கழுதக் குரலு?" என்றார் உமெஹாரா.

"உன்னுதுதான்" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஃபுசா சொன்னாள். "முப்பது வருஷமா நான் கேக்குறேனே!"

செரிசாவா சிரிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டான். இன்னொரு தடவை கேட்டான்.

"யாசு."

"சொல்லு."

"அந்தம்மா 'சோப்பு இருக்கு'ன்னு சொல்லி முடிக்குது பாரு, சரியா அங்க எறங்குற. எப்படிடா? நான் கத்திக் கத்திச் சொன்னப்பெல்லாம் நீ பிந்தி வந்த."

"பயத்துல வந்ததுடா" என்றான் யாசு. உண்மையைச் சொன்னான்.

செரிசாவா எழுந்து வாசலுக்குப் போனான். குனிந்தான், ஷூவை எடுத்தான், மரப்பெட்டிக்குள் வைத்தான், கதவைச் சாத்திச் சாவிக்கட்டையை உருவினான். திரும்பி வந்து சட்டையைக் கழற்றினான்.

"அத்தை, ஒரு துண்டு குடுங்க. காலைலேர்ந்து குளிரு தாங்கல."

தொட்டியில் அவன் விழுந்த வேகத்துக்குப் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிட்டது. பின்னாலேயே யாசு குதித்தான். மீதியும் வந்துவிட்டது.

எந்தோத்சு ரெக்கார்ட்ஸின் முதல் இசைத்தட்டு அதுதான். உறையை அதே கூடத்தில் வாடிக்கைக்காரர்கள் மடித்து ஒட்டினார்கள். ஒவ்வொரு உறை மேலும் யாசு தன் கரிக்கையை அழுத்தினான். கையெழுத்துக்குப் பதில் கையே! பாடியவர்கள் பெயர் வரிசையில் உமெஹாரா, ஃபுசா என்று அச்சாகியிருக்கும், போய்ப் பாருங்கள். கோபேயிலிருந்து, கியோத்தோவிலிருந்து, ஹகாத்தாவிலிருந்தெல்லாம் குழுக்கள் தேடி வந்தன. வந்தவன் எவனானாலும் முதலில் ஓடு தேய்க்க வேண்டும். பாட்டு அவனுடையதாகவே இருக்கும், பேச்சும் அவன் ஊர்ப் பேச்சாகவே இருக்கும். எந்தோத்சுவில் ஒருத்தனையும் மாற்றச் சொன்னது கிடையாது.

டோக்கியோ ஆளும் மறுபடி வந்தார். தட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், நடுவில் வருகிற அந்தப் புருஷன் பெண்டாட்டிக் கத்தலை மட்டும் வெட்டிவிடுங்கள் என்றார். பதில் சொல்ல யாசு வாயைத் திறப்பதற்குள் செரிசாவா முந்திக்கொண்டான்.

"வெட்டலாம் சார். மொதல்ல ஷூவக் கழட்டிட்டு ஒரு குளியல் போட்டுட்டு வாங்க, பேசுவோம்."

அவர் குளித்துவிட்டு வந்தார். கையில் காப்பிப் பாலோடு ஒரு மூலையில் உட்கார்ந்து முழுத் தட்டையும் கேட்டார். வெட்டுகிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

இன்றைக்கும் கமேயுவில் பதிவு என்றால் விடுமுறை நாளில்தான். யாசு விடியற்காலையிலேயே எழுந்து நெருப்பு போடுவான், தண்ணீர் சுட்டதும் வாசலுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பேட்டை முழுக்கத் தெரிகிற மாதிரி நீலத் திரையை மாட்டுவான்.