மிச்சம் மேடமும் வாங்காத வாரமும்

பல்கலைக்கழகத்தில் அவருக்கு மிச்சம் மேடம் என்று பெயர். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டி உப்புமூட்டை ஏற்றிவிடுகிற ரகம். இதை வெளியே போட்டுக்கொடுத்தது அவர் வீட்டுக்காரர்தான். வேறு யாருக்குத் தெரியும் குளியலறை ரகசியம்?

தேவைக்கு மட்டும் வாங்கி, வாங்கியதை வீணாக்காமல் வாழ்வது எப்படி என்று மேடம் பாடம் எடுத்தார். இன்ஜினியரிங், காமர்ஸ், இலக்கியம், ஓவியம் என்று நாலா துறைப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உண்டு. மேடத்துக்கு அந்த வகுப்பென்றால் உயிர். துறைத் தலைவருக்கோ வேப்பங்காய்.

"அடுத்த வாரக் கடைசியில வந்து பார்ப்பேன். உருப்படியா ஒண்ணும் இல்லேன்னா மூடிடலாம்" என்றுவிட்டார்.

மேடம் பிள்ளைகளிடம் சொன்னார்: "திங்கள்லேர்ந்து ஒரு வாரம், சாப்பாடு மருந்து தவிர யாரும் எதையும் வாங்கக்கூடாது."

சொன்ன நாளில் தலைவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யார் யார் வாங்காம இருந்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

அத்தனை கையும் உயர்ந்தன. மேடம் பூரித்துப்போய், "கஷ்டமா இல்லையா?" என்றார்.

"இல்லியே மேடம்! ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டோம்."

மேடத்தின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"மொத்தமா எடுத்தா தள்ளுபடி மேடம்" என்றான் காமர்ஸ்காரன். இன்ஜினியரிங் பையன் பற்பசை தீரும் வேகத்தைக் கணக்குப் போட்டு, பாதுகாப்புக்கு இரண்டு மடங்கு வாங்கியிருந்தான்.

"உனக்கென்ன ஊர்ப்பட்ட பல்லா?" என்றாள் இலக்கியக்காரி.

ஓவியக்காரி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு எதுவும் தேவைப்படல மேடம். வாங்கக்கூடாதுன்னு நீங்க சொன்னதும் கடையில எல்லாமே அழகாத் தெரிஞ்சுது."

கடைசி பெஞ்சில் தலைவர் பேனாவை மூடினார். முடிந்தது கதை என்று மேடத்துக்குப் புரிந்தது. இனி எதற்கு வேஷம்?

"நானும்தான்" என்றார். "பாத்திரம் தேய்க்கிற நார் ஒரு பை நிறைய வாங்கிட்டேன். எங்க வீட்ல அவ்வளவு பாத்திரமே கிடையாது."

"நீங்களுமா மேடம்!"

வகுப்பு சந்தைக்கடையானது. தடை போட்டால் ஏன் கை பரபரக்கிறது? பயமா, ஆசையா? ஆளாளுக்கு எகிறினார்கள். பார்த்தால், தலைவரும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல அலமாரிக் கதவு சாத்தவே மாட்டேங்குது. அது எதுல சேர்த்தி?"

"ரெண்டும்தான் சார்!" என்று ஒரே கூச்சல்.

மணியடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தலைவர்தான் எழுந்தார். "அடுத்த வருஷமும் நடத்துங்கம்மா. ஆனா இந்தத் தடையை முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதீங்க."

அவர் போனதும் மேடம் திரும்பி நின்று பலகையை அழித்தார். வெகுநேரம் அழித்தார். அதில் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை. அந்த வாலுப்பிள்ளைகள் அதிசயமாக, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.