டைட்டிலுக்கு முன்னால் சாகிறவன்

சிஐடி படம் என்றால் எங்கள் வீட்டுக்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வில்லியனூர் வந்து சேரும்போதே கொட்டகையில் என்ன படம் மாறியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் வருவார். எழுபதுகளின் தொடக்கம், எங்களுக்குக் கல்யாணமான புதிது. ஒரே கதாநாயகன் வேறு வேறு ஊருக்குப் போய் வேறு வேறு வில்லனைப் பிடிக்கிற படங்கள் அப்போது வரிசையாக வந்தன. அவருக்குக் கதாநாயகன் மேல் பைத்தியம். எனக்கு ஆரம்பக் காட்சிதான். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியாது.

குடும்பப் படம் மணியோசையும் விளக்குமாகத் தொடங்கும். இந்தப் படங்கள் சத்தமே இல்லாமல் தொடங்கும். நீளமாக ஒரு வராந்தா. மேலே ஒரு ஃபேன். எவனோ ஒருத்தன், நல்ல முகம், கையில் பையோடு நடந்து வருவான். நின்று ஆரஞ்சுப் பழம் உரிப்பான். இல்லாவிட்டால் யாருக்கோ போன் போட்டுச் சிரித்துப் பேசுவான். ஒன்றும் நடக்காது. அதுதான் பயமே. முறுக்கு விற்கிற ஆள்கூட வாயை மூடிக்கொண்டு நின்றுவிடுவான். பிறகு பின்னால் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வரும். அவ்வளவுதான், ஆள் காலி. உடனே டிரம்மும் டிரம்பெட்டுமாக இசை கிளம்பி டைட்டில் ஓடும். கொட்டகை முழுக்க எழுந்து நின்று விசில் அடிக்கும்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், அதுக்கு விசிலா? படம் முடிகிற வரைக்கும் அவனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். டைட்டிலில் லைட் பிடித்தவன் பேர்கூட வரும். இவன் பேர் வராது.

"அந்த ஆளு பேரு இன்னாங்க?" என்று கேட்பேன்.

"எந்த ஆளு?"

"செத்துப்போனானே, அவன்தான்."

"அட போடி! அவனுக்கு இன்னாத்துக்குப் பேரு? படத்தப் பாரு."

நான் விடுகிற ஆளா? படத்துக்குப் படம் கேட்டேன். ஒரு நாள் அவருக்குச் சலித்துப்போய், கோவிலில் மன்றாட்டு மாலையில் சொல்லுகிற புனிதர்களில் ஒருவர் பேரைச் சொன்னார். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத பேர். "போதுமா? இனிமே எந்தப் படத்துல எவன் செத்தாலும் இதான் அவன் பேரு. கம்னு இரு."

அதற்கப்புறம் அதுவே எங்கள் விளையாட்டாகிவிட்டது. திரையில் ஆள் வந்ததுமே என் காதில் அந்தப் பேரைச் சொல்லி, "தோ வந்துட்டான் பாரு" என்பார். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

தலைப்பிள்ளை உண்டானேன். பேர் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். "பொறந்து மூச்சு வுட்டப்புறம் பேசிக்கலாம். முன்னாடியே பேரு வச்சா கண்ணு பட்டுடும்." ஒரு சட்டைகூட வாங்க விடவில்லை. எனக்கோ வேறு பயம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் மந்திரித்த மண்ணுக்கு வெளியே, முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் உண்டு. ஞானஸ்நானம் ஆகாமல் செத்துப்போகிற பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். சிலுவை கிடையாது. பேர் கிடையாது. ஆடு மேயும். கொட்டகைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் வயிற்றில் கையை வைத்து, உன்னை இங்கே விட மாட்டேன்டா கண்ணு என்று சொல்லிக்கொள்வேன்.

நிறைமாதத்திலும் ஒரு படத்துக்குப் போனோம். "புள்ளத்தாச்சிக்குச் சினிமா கேக்குதா?" என்று மாமியார் வாசல் வரைக்கும் வந்து திட்டினார். அன்றைக்குப் படத்தில் ஒருத்தன் குழாயடியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. வீட்டுக்காரர் வழக்கம்போல என் காதில் அந்தப் பேரைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றேன். "டைட்டிலாச்சும் பாத்துட்டுப் போலாம்டி" என்றார். இசை கிளம்பியபோது வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரட்டு புரண்டு அடங்கியது.

அந்த வாரமே வலி எடுத்தது. டவுன் ஆஸ்பத்திரி, நல்ல பகல், வெளியே மழை. பிள்ளை பிறந்தது. ஆண் என்றார்கள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. அதுவரைக்கும் ஓயாமல் என்னை அதட்டிக்கொண்டிருந்த நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டாள். அதில்தான் எனக்கு உயிரே போனது. கன்னியாஸ்திரி ஒருத்தர் துணியோடு பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே போனார். பாதி திறந்த கதவு வழியாக நீளமான வராந்தா தெரிந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"சாமியாரைக் கூப்புட நேரமில்லப்பா. தண்ணிய ஊத்தி நீயே ஞானஸ்நானம் குடு. பேரச் சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்று கன்னியாஸ்திரி சொன்னது கேட்டது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அடக்கம் முடித்துவிட்டு வந்து என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு.

"வேலிக்கு உள்ளதானே?" என்றேன்.

"உள்ளதான். சிலுவை நட்டாச்சி."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பேரு இன்னா வச்சீங்க?"

காலில் ஒட்டிய சேற்றை நகத்தால் சுரண்டினார். மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

கைக்கு எட்டிய டம்ளரை அவர் மேல் வீசினேன். "பாவி மனுசா! உலகத்துல வேற பேரே கெடைக்கலியா உனுக்கு?"

"பேரு பேசவே வுடலியேடி. ஒரு பேருகூட யோசிச்சி வக்கில. அந்தம்மா பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னுது. புள்ள வாயத் தொறந்து தொறந்து மூடுது. வாயில அதான் வந்துச்சி." சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அந்தப் பேரும் வாயில் வராமல் போயிருந்தால் என் பிள்ளை வேலிக்கு வெளியே போயிருப்பான். அதை நினைத்துத் திட்டவும் முடியாமல், அவரைத் தொடவும் மனசு வராமல் படுத்துக் கிடந்தேன்.

அதற்கப்புறம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அடுத்தது உண்டானபோது மாமியார் முகத்துக்கு நேராகவே ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று பேர் எடுத்து வைத்தேன். பெண் பிறந்தாள், நன்றாகவே பிறந்தாள். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் சிலுவையில் மெழுகுவத்தி ஏற்றி, அதில் இருக்கிற பேரை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் அவள் வாசிக்கவே பழகினாள்.

எண்பதுகளில் அவள்தான் அழுது அடம்பிடித்து எங்களை ஒரு சிஐடி படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொட்டகையில் புது நாற்காலி போட்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. சத்தமில்லாத ஒரு தெரு, அதில் நல்ல முகமாக ஒருத்தன் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஷூ வந்தது. ஆள் விழுந்தான். இசை கிளம்ப, கொட்டகையே விசில் அடித்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த மகள் அவர் சட்டையை இழுத்தாள். "அப்பா, செத்துப்போனாரே, அவரு பேரு இன்னாப்பா?"

நான் அவளிடம் அந்தக் கதையை ஒரு நாளும் சொன்னதில்லை. சாமி சத்தியமாகச் சொன்னதில்லை.

அவர் நாற்காலிக் கையை விட்டார். பிறகு குனிந்து, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "உங்க அண்ணன் பேருதாம்மா."

திரையில் டைட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பேர் வரைக்கும் ஒன்று விடாமல் படித்தேன். அவன் பேர் வரவில்லை.