இரண்டு குறைத்துக் கேட்பவர்

கையில் வந்த சீட்டுகளை விரிப்பதற்கு முன் ஓரங்களைத் தட்டி நேராக்குகிறார் தையல்காரர். எதிரே ஜோடியாக உட்கார்ந்திருக்கும் சம்பந்தி பெருமூச்சு விடுகிறார். "சட்டைத் துணி இல்ல சம்பந்தி. கேளுங்க."

ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி. அதில் எத்தனையைத் தன் ஜோடி பிடிக்கும் என்று முதல் நாலு சீட்டைப் பார்த்ததுமே வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்த இனம்தான் துருப்பு, மற்ற எல்லாவற்றையும் வெட்டும். இதில் ராஜாவைவிட ஜாக்கி பெரியவன். அதை ஒப்புக்கொள்ளவே தையல்காரருக்கு ஒரு மாதம் பிடித்தது. "ராஜா கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அவர் தைக்கும் பேன்ட்டில் மடிப்புக்குள் இரண்டு விரல் துணி எப்போதும் இருக்கும். போட்டவர் பருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். "வெட்டினது வெட்டினதுதான், ஒட்டவா முடியும்?" என்பார். அதே கணக்கில்தான் சீட்டும் கேட்கிறார். பதினெட்டு தேறும் என்று மனம் சொன்னால் பதினாறு என்கிறார். எதிர் ஜோடியான மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பாவும் பதினேழு கேட்டு ஆட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் வெட்கப்படுவார்.

உண்மையில் சீட்டில் அவருக்கு ஆசை கிடையாது. மகளை வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் இருப்புக்கொள்ளாது. அவள் அம்மா போன பிறகு வீட்டில் தையல் மெஷினைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஆனாலும் காரணமில்லாமல் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்கக் கூச்சம். சம்பந்தியின் பழைய ஜோடி ஊர் மாறிப் போனதும், "எனக்கும் கொஞ்சம் ஆடத் தெரியும்" என்று ஒரு பொய் சொன்னார். அளவெடுக்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

இந்த ஞாயிறு சம்பந்தி முதலிலேயே சொல்லிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கும் இப்படிப் பதுங்கினா, அடுத்த வாரம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனை உட்கார வெச்சிடறேன். நீங்களும் ஓய்வா இருக்கலாம்."

தையல்காரருக்கு நாலு சீட்டு வந்தது: இரண்டு ஏழு, ஒரு எட்டு, ஒரு ராணி. ஒரு புள்ளிக்கும் வழியில்லை. டீ கொண்டுவந்த மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருபது," என்றார் தையல்காரர்.

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் சித்தப்பாவும் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்தார்கள். ஆடி முடித்தபோது இவர்கள் பிடித்திருந்தது ஆறே புள்ளி. துருப்பென்று கவிழ்த்து வைத்திருந்த ஏழாம் நம்பர் சீட்டைச் சம்பந்தி கையிலெடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நம்பியா இருபது கேட்டீங்க?"

"இல்ல சம்பந்தி. எலக்ட்ரீஷியன் வந்துடுவாரேன்னு கேட்டேன்."

டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்த மருமகளைச் சம்பந்தி பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சமையல்ல இனிமே அப்பாவையும் சேர்த்துக்கோம்மா. சீட்டாடினாலும் சரி, ஆடலேன்னாலும் சரி." சீட்டுக்கட்டைத் தையல்காரர் பக்கம் நகர்த்தினார். "போடுங்க."

தையல்காரர் கலைத்துப் போட்டார். கண் சமையலறைப் பக்கமே இருந்ததால் சம்பந்திக்கு நாலுக்குப் பதில் ஐந்து சீட்டு விழுந்தது. அவர் எண்ணிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.