தீவில் விட்டு வந்த ஸ்வெட்டர்

தைப்பூசத்துக்கு மறுநாள், ஒரு புதன்கிழமை, விடிவதற்கு முன்பே தமயந்தி அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆண்கள் போடும் மெரூன் ஸ்வெட்டர் ஒன்றை மாட்டி, நீளமான கைகளை மடித்துவிட்டிருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நானும் போனேன். பால் வாங்க வந்த பொன்னுத்தாயக்கா எங்களைப் பார்த்து நின்றாள்.

“என்னத்தா, இம்புட்டு வெள்ளனே? பழனிக்கா? பூசந்தான் நேத்தே முடிஞ்சிருச்சே.”

“இல்லக்கா, மதுரைல ஒரு சோலி.”

“மதுரைக்கு எதுக்கு ஸ்வெட்டரு? வத்தலக்குண்டு தாண்டுனா அவிச்சுப்புடும்.”

“எறங்குற வரைக்கும் குளுருமில்ல.”

மதுரையிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம், அங்கிருந்து விமானத்தில் மாலத்தீவு, அதற்குப் பிறகு படகில் ஒரு ரிசார்ட் தீவு. காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பும் ஒரு நாள் டிக்கெட். இது எனக்கு மட்டும்தான் தெரியும். டிக்கெட் போட்டது நான். அந்தத் தீவில் அவள் கணவன் சந்தோஷ்குமார் வெயிட்டராக இருந்தான்.

மலைமேல் நாயுடுபுரத்தில், எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் அக்கா குடியிருக்கிறாள். ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே ஓட்டல்தான். தேனிலவுக்கும் விடுமுறைக்கும் வருகிறவர்கள் போர்வைக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் எதையாவது மறந்துவிட்டுப் போவார்கள். மங்கி குல்லா, கையுறை, பிள்ளைகளின் ஒற்றைச் செருப்பு. கண்டெடுத்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி ஸ்டோர் ரூமில் வைக்க வேண்டும். ஆறு மாதம் வரை யாரும் கேட்காவிட்டால், கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்கள். எல்லா ஓட்டலிலும் ஏறக்குறைய இதுதான் வழக்கம் என்பாள். அவள் வீட்டு சுவர்க்கடிகாரம், டார்ச், ஃபிளாஸ்க் எல்லாம் இப்படி வந்தவை.

சந்தோஷ்குமாரும் அதே ஓட்டலில்தான் முதலில் பரிமாறிக்கொண்டிருந்தான். ஒருமுறை பூப்போட்ட குடை ஒன்றைக் கண்டெடுத்தான். மழைக்காலம் முழுக்க அக்கா நனைந்துகொண்டே வேலைக்கு வந்தாள். அவன் ஆறு மாதம் காத்திருந்து, அந்தக் குடையைக் கைக்கு வாங்கி, அவளிடம் கொடுத்தான். அதற்குள் மழை நின்றுவிட்டிருந்தது. அப்படித்தான் அவர்கள் கல்யாணம்.

கொரோனாவுக்குப் பிறகு ஓட்டலில் ஆள் குறைத்தபோது அவன் தீவுக்குப் போனான். உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவைத்தான். முதல் வருடம் லீவில் வந்தான். பிறகு வரவில்லை. மூன்று தடவை வருகிறேன் என்று சொல்லி மூன்று தடவையும் தள்ளிப்போட்டான். போன் போட்டால் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சாப்டியா’ என்று ஒரு செய்தி மட்டும் வரும். ‘சாப்டேன்’ என்று இவள் அனுப்புவாள்.

நான் பல வருடம் பல நாடுகளில் அலைந்துவிட்டு அப்போதுதான் வீடு வந்திருந்தேன். “நீதான் ஊர் ஊராச் சுத்துன ஆளு. அங்க போயி அவரப் பாக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லு ரம்யா” என்றாள். ரிசார்ட்டுக்கு எழுதிக் கேட்டேன். ஊழியர்களின் குடும்பத்தார் தீவுக்கு வர அனுமதியில்லை, டிக்கெட் எடுத்த விருந்தினர் யாரும் வரலாம் என்று பதில் வந்தது. படித்துக் காட்டினேன். அக்கா யோசிக்கக்கூட இல்லை.

“அப்ப கெஸ்ட்டாப் போடு.”

தீவில் நடந்ததை அவள் எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. துணி காயப்போடும்போது கொஞ்சம், ரேஷன் கடைக்குப் போகும்போது கொஞ்சம். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

படகிலிருந்து இறங்கியதும் ஈரத் துண்டும் இளநீரும் கொடுத்தார்கள். சாய்வு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். கடல் நீலமாக இருந்தது. காலை நனைக்கத் தோன்றவில்லை. எழுந்து தீவைச் சுற்றினாள். ஏரியில் கால்வாசி சுற்றும் தூரத்துக்குள் தீவு முடிந்துவிட்டது. வழியில் அறை சுத்தம் செய்யும் பெண்ணின் தள்ளுவண்டி நின்றது. தலையணை உறைகளைச் சரியாக அடுக்கவில்லை என்பதைக் கவனித்தாள். அன்று காலை முழுக்க அவள் கவனித்தது அது ஒன்றுதான்.

மதியம், அவன் அனுப்பிய பழைய போட்டோக்களில் பார்த்திருந்த அந்தக் கடற்கரை உணவகத்தில் போய் உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் மடியில் இருந்தது. மெனு கார்டோடு ஒருவன் வந்தான். “குட் ஆஃப்டர்நூன் மேடம், வெல்கம் டு அவர் ஐலண்ட்” என்று முழுசாகச் சொல்லி முடித்தபிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

“எப்படி வந்த?”

“படகுல.”

“சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?”

“சொல்லிருந்தா அன்னைக்கு உங்களுக்கு டூட்டி வேற எங்கயாச்சும் இருந்திருக்கும்.”

தூணோரம் வெள்ளைச் சட்டை போட்ட சூப்பர்வைசர் நின்றான். சந்தோஷ்குமார் கார்டைத் திருப்பிக் காட்டுவதுபோலக் குனிந்தான். “கெஸ்ட்டுகிட்ட சும்மா நின்னு பேசுனா சீட்டக் கிழிச்சிருவான். எதையாச்சும் ஆர்டர் பண்ணிட்டே இரு. அப்பத்தான் நான் வர முடியும்.”

“என்ன இருக்கு?”

“சூப்பு.”

“பூண்டு போட்டதா?”

“பூண்டுப் பொடி போடுவாங்க.”

“பொடியா? சரி, கொண்டாங்க.”

சூப் வந்தது. “அம்மா எப்படி இருக்கு?” என்றான்.

“உங்க தங்கச்சி வீட்ல, செண்பகனூர்ல. உங்க போட்டோவுக்குக் கீழ உக்காந்து டிவி பாக்குது. எப்ப வர்றீங்க?”

சூப்பர்வைசர் இரண்டு மேசை தள்ளி வந்துவிட்டான். சந்தோஷ்குமார் நிமிர்ந்தான். “பெப்பர், மேடம்?”

“போடுங்க.”

மரக்குழலைத் திருகி மிளகு தூவினான். சூப்பர்வைசர் நகரவில்லை. இவனும் திருகிக்கொண்டே இருந்தான். சூப் கறுத்துவிட்டது.

“நம்ம ஆடலூர் மிளகா?” என்றாள்.

“தெரியல மேடம்.”

அக்கா அதை முழுக்கக் குடித்தாள். காரமே தெரியவில்லை என்றாள் என்னிடம்.

மீன் ஆர்டர் செய்தாள். அதைக் கொண்டுவந்து வைக்கும்போது கேட்டாள்: “சுத்தி வளைக்காம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வருவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா சொல்லிருங்க. நான் எஞ் சோலியப் பாத்துட்டு அங்க கெடக்கேன்.”

“இந்த சீசன் முடியட்டும் தமயந்தி.”

“எந்த சீசன்? நம்ம மலையில நாலு சீசன் முடிஞ்சிருச்சு.”

“முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

டீ கேட்டாள். அவன் வந்தான். நான்கு வருடத்தில் முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. டீயை வைத்துவிட்டுப் போனான். இன்னொரு டீ கேட்டாள். அதை வேறு பையன் கொண்டுவந்தான். சந்தோஷ்குமாரை அந்தப் பக்கத்து மேசைகளுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். கேக் வெட்டும் ஒரு குடும்பத்துக்காக அவன் கைதட்டிக்கொண்டிருந்தான்.

படகுக்கு நேரமாகிவிட்டது என்று மைக்கில் சொன்னார்கள். பாத்திரம் எடுக்கும் சாக்கில் அவன் வெரசாக வந்தான். அக்கா மடியிலிருந்த ஸ்வெட்டரை மேசைமேல் வைத்தாள். தீவுக்குப் போகிறவனுக்கு எதற்கு என்று அவன் வீட்டில் விட்டுப்போன அவனுடைய ஸ்வெட்டர்தான் அது.

“இங்க எதுக்கு இது? வெந்து சாகவா?”

“இங்க போட இல்ல. மலையேறி வரும்போது போட்டுக்கங்க. பெருமாள்மலை தாண்டுனா தாங்காது.”

“கெஸ்ட்டுகிட்ட கையில எதையும் வாங்கக்கூடாது.”

“தெரியும். நானும் ஓட்டல்லதான வேல பாக்குறேன்.” எழுந்து ஸ்வெட்டரை நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டாள். “மறந்து வச்சுட்டுப் போறேன். நீங்க எடுத்துக் குடுங்க, உங்க பேரு எழுதி வைப்பாங்க. நான் கேக்க மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே தருவாங்க. வாங்கிப் போட்டுட்டு வாங்க. கொடைக்குக் காத்திருந்த ஆளுதான நீங்க.”

சூப்பர்வைசர் அருகில் வந்து, எல்லாம் திருப்தியா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அக்கா தலையாட்டினாள்.

“ஷ்யூர் மேடம். தேங்க்யூ மேடம்” என்றான் சந்தோஷ்குமார்.

அந்த ‘ஷ்யூர்’ தனக்கா, சூப்பர்வைசருக்காகவா என்று படகு முழுக்க யோசித்தாளாம். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது தன் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுநாள் காலை வழக்கம்போல ஓட்டலுக்குப் போனாள். பொன்னுத்தாயக்கா மதுரை எப்படி என்று கேட்டதற்கு, “ஒரே வெயிலு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ‘சாப்டியா’ நிற்காமல் வந்தது. ஏப்ரல் வந்தது, கோடை சீசன் போனது, மழை தொடங்கியது. நான் ஊரை விட்டுக் கிளம்ப இரண்டு தடவை பெட்டி கட்டி, இரண்டு தடவையும் பிரித்தேன். ஆகஸ்டில் அவள் சமையலறைக்குப் பக்கத்து அறையை ஒழித்து, கட்டிலை வெயிலில் காயப்போட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செப்டம்பர் முதல் ஞாயிறு அவன் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தான்: ‘சாப்டியா. இங்க தீவுல கூட்டம், ஒரே சோலி. சூப்பர்வைசர் லீவு தர மாட்டேங்குறான்.’ சாப்டேன் என்று அனுப்பினாள்.

அந்த வாரமே ரிசார்ட்டிலிருந்து என் மின்னஞ்சலுக்கு ஒரு செய்தி வந்தது. டிக்கெட்டை என் முகவரியில்தானே போட்டிருந்தேன். கீழே போய், அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, “என்ன மாசம்?” என்றாள். மறுபடி படித்தேன். அவள் அரிசியை இன்னொரு தண்ணீர் களைந்து உலையில் போட்டாள். அடுத்த ஞாயிறு வந்த ‘சாப்டியா’வுக்கு அவள் பதில் அனுப்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அனுப்பவில்லை.

வந்த செய்தி இதுதான்:

“அன்புள்ள விருந்தினருக்கு, பிப்ரவரியில் எங்கள் தீவுக்கு வந்தபோது உணவகத்தில் நீங்கள் மறந்துவிட்டுச் சென்ற மெரூன் ஸ்வெட்டர் எங்களிடம் பத்திரமாக உள்ளது. ஆறு மாதம் வரை உரியவர் கேட்காத பொருளை, அதைக் கண்டெடுத்த ஊழியரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். இதைக் கண்டெடுத்து ஒப்படைத்தவர் மே மாதமே எங்கள் பணியிலிருந்து விலகிச் சென்றுவிட்டார். ஆகவே, உங்கள் முகவரியைத் தெரிவித்தால் ஸ்வெட்டரை உங்களுக்கே அனுப்பிவைக்கிறோம்.”