ஞாயிற்றுக்கிழமை பார்த்த காலேஜ்

"அம்மா, காலேஜ்ல முதல் நாள் எப்படி இருக்கும்?" படகில் மகள் கேட்டாள். டீசல் புகை மூக்கில் ஏற, எண்பதுகளில் கொச்சியில் ஏறிய மட்டாஞ்சேரிப் படகு நினைவுக்கு வந்தது.

அன்று, காலேஜில் சேரவிருந்த அக்காவும் இதைத்தான் கேட்டாள். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பா, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று எங்கள் இருவரையும் அக்கரையில் இருந்த எறணாகுளத்துக்குக் கூட்டிப்போனார். அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். காலேஜ் கேட் பூட்டியிருந்தது.

"சேட்டா, உள்ள பொம்பளப் பிள்ளைங்க எங்க உட்கார்ந்து சாப்பிடும்? யாராச்சும் கேலி பண்ணுவாங்களா?" என்று காவல்காரரிடம் கேட்டார்.

"எனக்கு இந்த கேட் மட்டும்தான் அறியும்" என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

அக்கா கம்பியைப் பிடித்தபடி, காலியான சைக்கிள் ஸ்டாண்டையே பார்த்து நின்றாள். அப்பா, துவைத்த சட்டையில் இல்லாத மிளகுத் தூசியைத் தட்டினார். "போனா பழகிடும், மோளே."

நான் பத்தாவதோடு நின்றவள். மகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனா பழகிடும், மோளே" என்றேன்.