நூற்று நாற்பத்து மூன்று ஃபைல்களும் ஒரு எடைப் புத்தகமும்

2010 அக்டோபர் 25, திங்கட்கிழமை, காலை 9.05. நாகர்கோவிலில் வானம் மூடியிருந்தது, மழை இல்லை. அலுவலகத்தில் குடையை மாட்டிவிட்டு உட்கார்ந்தபோது குலசேகரத்திலிருந்து போன் வந்தது. ரப்பர் ஷீட் வியாபாரி சேவியர். அவருடைய ரௌட்டரில் இன்டர்நெட் லைட் வரவில்லையாம்.

“ரீசெட் பட்டனைத் தொட்டியளா?” என்று கேட்டேன்.

“தொடல்ல சாரே. ஊக்கு வச்சுக் குத்தினேன்.”

“எத்தனை தடவை?”

“மூணு.”

ஒரு தடவையே போதும். ரீசெட் ஆன ரௌட்டர் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல ஆகிவிடும். நாங்கள் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்ட், ஐ.பி. அட்ரஸ் எல்லாம் போய்விடும்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு டயர் கம்பெனியின் வெப்சைட்டில் சேவியர் விலை போட வேண்டும். குடோனில் ஒன்பது டன் ஷீட் கிடந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் போடவும் முடியாது. அவர் பெயரில் பதிவான ஐ.பி. அட்ரஸிலிருந்து வந்தால்தான் அந்த வெப்சைட் திறக்கும். இன்று தவறினால் அடுத்த வாய்ப்பு பதினைந்து நாள் கழித்து. ஷீட் கொடுத்த சிறு தோட்டக்காரர்களோ சனிக்கிழமையே பணத்துக்கு வந்து நிற்பார்கள்.

சின்ன விஷயத்துக்கும் பதறுவது என் சுபாவம். அன்று பதறவில்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் இன்டர்நெட் கம்பெனிக்கு அப்போது 143 வாடிக்கையாளர்கள். நான் சீனியர் டெக்னீஷியன். ஒவ்வொரு ரௌட்டரின் செட்டிங்கையும் பேக்கப் எடுக்க நானே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதியிருந்தேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அது தானாக ஓடும். கடைகளில் வியாபாரம் ஓய்ந்திருக்கும், லைனில் நெரிசல் இருக்காது என்பதால் அந்த நேரம். திங்கட்கிழமை வந்ததும் ஃபைல்களை எண்ணுவேன். 143 இருந்தால் டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு அத்தனை பெருமை. செட்டிங்குகளைக் கையால் எழுதி வைத்திருந்த பழைய ரிஜிஸ்டர்களை இரண்டு வருடம் முன்பே எடைக்குப் போட்டுவிட்டேன். இரண்டு கிலோ, பன்னிரண்டு ரூபாய்.

அன்றும் எண்ணினேன். 143. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, லேப்டாப்போடு 9.30 பஸ்ஸில் ஏறினேன். 11.05க்குக் குலசேகரம். சேவியரிடம், நான்கு நிமிட வேலை என்று சொன்னேன்.

அவர் பெயரில் இருந்த ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்போதும் இல்லை.

“நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு ரௌட்டர் ஓடிச்சா?” என்று கேட்டேன்.

“எங்க ஓட? மூணரைக்கே இடி தொடங்கிட்டு. எல்லா வயரையும் உருவிப்போட்டேன். இடி வெட்டும்போ வயரைச் சொருகி வைக்க எனக்குக் கிறுக்கா?”

ஐப்பசியில் மேற்கே மலையோரம் மூன்று மணிக்குமேல் இடி வராத நாள் குறைவு. முதல் இடிக்கே டிவி, கம்ப்யூட்டர், ரௌட்டர் எல்லாவற்றின் வயரையும் உருவிவிடுவார்கள். என் ஸ்கிரிப்ட் நான்கு மணிக்கு வந்து தட்டியிருக்கிறது, ரௌட்டர் திறக்கவில்லை. திரும்பிப் போயிருந்தால் போகட்டும். வெறும் ஃபைல் ஒன்றை உண்டாக்கி, போன வாரத்து நல்ல ஃபைலின்மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஸ்கிரிப்டை அப்படி எழுதியவன் நான். எண்ணிக்கை குறையவில்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டேன். சென்னைத் தலைமை அலுவலகத்தில் சொல்லி அந்த விவரங்களை வாங்க வேண்டும், நாளைக்குத்தான் வரும் என்றார். மணி 11.25.

சேவியர் பக்கத்திலேயே நின்றார்.

“ஃபைலு இருக்குல்லியா சாரே?”

“இருக்கு.”

“உள்ள?”

“ஒண்ணும் இல்ல.”

“நானும் குடோனுல ஒம்பது டன்னுன்னு எண்ணித்தான் வச்சிருக்கேன். ஒருக்கா திறந்து பாத்துட்டு வரட்டா?”

அப்போதுதான் சேவியரிடம் கணக்கு எழுதும் ஸ்டெல்லா மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். முதன்முதலில் கனெக்‌ஷன் கொடுத்தபோது நான் செட்டிங்கைச் சொல்லச் சொல்ல, ஷீட்டின் எடையைக் குறிக்கும் எடைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினாளாம்.

“அதை அன்னைக்கே அடிக்கச் சொன்னேனே” என்றேன். சொன்னது மட்டுமல்ல. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று கால் மணி நேரம் பேசியிருந்தேன்.

“அடிச்சாச்சே” என்று அலமாரியிலிருந்து பழைய எடைப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். நான்கு வரிகள். ஒவ்வொன்றின் மேலும் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு சிவப்புக் கோடு. கீழே ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

“இதா அடிக்கது?”

“கணக்கு எழுதுறவ சுரண்டி அழிப்பாளா சாரே? ஒத்தக் கோடு போட்டு அடிக்கணும், அடியில உள்ளது தெரியணும். எங்க ஆடிட்டர் சொல்லித் தந்தது.”

ஆளுக்கு ஆள் மாறுவது அந்த நான்கு வரிதான். மற்றது எல்லோருக்கும் ஒன்றே, லேப்டாப்பிலிருந்து ஏற்றிவிடலாம். பாஸ்வேர்டை வருடம் ஒருமுறை மாற்றுங்கள் என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பியவனும் நான்தான். சேவியர் ஒருமுறைகூட மாற்றவில்லை. அதற்காக அன்று அவரை மனதுக்குள் வாழ்த்தினேன். ஸ்டெல்லா வாசித்தாள், நான் தட்டினேன். 11.46க்குப் பச்சை விளக்கு. 11.53க்கு சேவியர் விலை போட்டார்.

“நாலு நிமிஷம்னு சொன்னியளே சாரே, உங்க கடியாரம் ரீசெட் ஆயிட்டோ?” என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் 143 ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். 31 வெறுமையாக இருந்தன. அத்தனையும் மேற்குப் பக்கம். கிழக்கே அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை, அங்கே ஞாயிறன்று இடி இல்லை. ஸ்கிரிப்டை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினேன். வெறும் ஃபைல் வந்தால் பழையதைத் தொடாதே என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த 31 இடங்களின் விவரத்தையும் சென்னையிலிருந்து வாங்கி நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பேக்கப்பை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது, திறந்து பார்க்க வேண்டும். அதைக் கற்க எனக்கு ஆன செலவு: பைண்டு நோட்டு 45, சிவப்புப் பேனா இரண்டு 10, எடைப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு ஜெராக்ஸ் 1. பழைய ரிஜிஸ்டரை எடைக்குப் போட்ட 12ஐக் கழித்தால், 44 ரூபாய்.